கடல் பார்க்கப் போவோம், கணக்கோடும் கவனத்தோடும்



குழு ஆரம்பித்து நாலைந்து வருஷம் ஓடியதும், ஏதாவது ஒரு கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: "எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை எங்கேயாவது போயிட்டு வரணும்க்கா." முன்பெல்லாம் கோயில், குளம் என்று போய்வந்தோம். இப்போது கடல், தீவு, படகுச் சவாரி என்று ஆசை விரிந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். அடுப்படியையும் வயலையும் விட்டு ஒரு நாள் வெளியே வந்து, நாலு பேரோடு பேசிச் சிரித்து, புது ஊரைப் பார்ப்பது நமக்கும் வேண்டியதுதான்.

ஆனால் படகு என்று வந்துவிட்டால் அது உயிர் சம்பந்தப்பட்டது. செலவாகும் பணமோ உறுப்பினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தது. இரண்டிலும் அசட்டை கூடாது. அதனால் இந்த மாதப் பாடமாக மும்பை நகரத்தை ஒட்டிய வளைகுடாப் பயணத்தை எடுத்துக்கொள்கிறோம். ஏன் மும்பை? காலையில் படகேறி மாலையில் திரும்பிவிடக்கூடிய பயணம் அது. அங்குள்ள தீவுப் பெண்கள் சுற்றுலாப் பயணிகளை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். 2024ஆம் ஆண்டு அந்தக் கடலில் நடந்த விபத்து நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

இடத்தைத் தெரிந்துகொள்வோம்

மும்பைக்கு மேற்கே அரபிக்கடல். கிழக்கே நகரத்துக்கும் கொங்கண் நிலப்பகுதிக்கும் நடுவில் ஒரு பெரிய வளைகுடா உள்வாங்கி இருக்கிறது. துறைமுகம் இருப்பது அந்தப் பக்கம்தான். அலை அடங்கிய, கப்பல் ஒதுங்கி நிற்க வசதியான நீர்ப்பரப்பு. அதனால்தான் அந்த ஊர் அவ்வளவு பெரிய வியாபார நகரமாக வளர்ந்தது.

படகுகள் புறப்படும் இடம் 'கேட்வே ஆஃப் இந்தியா'. 1911இல் இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஜார்ஜ் வந்ததன் நினைவாக, ஜார்ஜ் விட்டெட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கல் வளைவு இது. 1924இல் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 பிப்ரவரி 28 அன்று, இந்தியாவை விட்டுப் போன கடைசி ஆங்கிலேயப் படைப்பிரிவு இதே வளைவு வழியாகத்தான் வெளியேறியது. அரசரை வரவேற்கக் கட்டின வாசல், படையை வழியனுப்பின வாசலாக ஆனது. பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

படகு கிளம்பியதும் கடற்படைக் கப்பல்கள், சரக்குக் கப்பல்கள், எண்ணெய் இறக்கும் தீவு என்று வரிசையாகத் தெரியும். கடற்படைக் கப்பல்களைப் போட்டோ எடுக்கக் கூடாது. தூரத்தில் தெரியும் நீண்ட பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது. மொத்தம் 21.8 கிலோமீட்டர், அதில் ஏறக்குறைய 16.5 கிலோமீட்டர் கடலுக்கு மேலே போகிறது.

தீவில் ஒரு நாள்

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எலிஃபெண்டா தீவு வரும். உள்ளூர்ப் பெயர் கராபுரி. கரையில் கிடந்த பெரிய கல் யானையைப் பார்த்துத்தான் போர்ச்சுகீசியர்கள் 'யானைத் தீவு' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கல் யானை இப்போது தீவில் இல்லை. மும்பை பைகுல்லாவில் உள்ள ஜிஜாமாதா தோட்டத்தில் இருக்கிறது.

படகுத்துறையிலிருந்து மலையடிவாரம் வரை நடக்கலாம், சின்ன ரயிலும் உண்டு. பிறகு சுமார் 120 படிகள். முட்டுவலி உள்ளவர்கள் அவசரப்படாமல் ஏறுங்கள். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கூலியை முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள்.

மேலே மலையைக் குடைந்து செய்த சிவன் குகைக்கோயில். 1,400 வருஷத்துக்கு மேல் பழமையானது. உள்ளே மூன்று முகம் கொண்ட சதாசிவன், கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரம். நடுமுகம் அமைதி, ஒரு பக்கம் உக்கிரம், ஒரு பக்கம் பெண்மையின் சாந்தம். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீசுவரரும் உண்டு. 1987இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மூன்று விஷயத்தை மறக்க வேண்டாம். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. இரவில் தீவில் தங்கப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். குரங்குகள் அதிகம், சோற்றுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் மிஞ்சாது!

தீவுப் பெண்களைக் கொஞ்சம் கவனிப்போம்

குகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிப் பாடம்தான் படித்ததாக ஆகும். படிகளின் இரண்டு பக்கமும் கடைகள். மாங்காய்க் கீற்று, வெள்ளரிக்காய், இலந்தைப்பழம், மணிமாலை, கல் பொம்மை. விற்பவர்களில் நிறையப் பேர் பெண்கள். தலையில் பளபளக்கும் குடங்களை அடுக்கிக்கொண்டு பயணிகளோடு போட்டோவுக்கு நின்று காசு வாங்கும் பெண்களும் உண்டு.

தீவில் மூன்று சிறு குடியிருப்புகள் இருக்கின்றன. கண்ணுக்கு எதிரே மும்பை இரவு முழுக்க ஜொலிக்கும். ஆனால் இந்தத் தீவுக்கு மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில்தான். அதுவரை ஜெனரேட்டர் போட்டு, தினம் சில மணி நேரம்தான் வெளிச்சம். கடலுக்கு அடியில் சுமார் 7.5 கிலோமீட்டர் கேபிள் பதித்துக் கரண்ட் கொண்டுவந்தார்கள். கரண்ட் இல்லாத ஊரில் கடை நடத்துவதென்றால் என்ன அர்த்தம்? ஐஸ்பெட்டி கிடையாது, மாவரைக்க மிஷின் கிடையாது, பிள்ளைகள் இரவில் படிக்கவும் சிரமம். சுற்றுலாப் பணம் ஊருக்குள் வந்தாலும், அடிப்படை வசதி தானாக வந்துவிடாது. அதற்கு ஊர் கேட்க வேண்டியிருக்கிறது, பல வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. பலத்த மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். படகு நின்றால் பயணி இல்லை. பயணி இல்லையென்றால் வியாபாரம் இல்லை. சுற்றுலாவை நம்பித் தொழில் செய்பவர் மழை மாதங்களுக்கு வேறு வருமானம் வைத்திருக்க வேண்டும், அல்லது சேமிப்பு வைத்திருக்க வேண்டும். சேமிப்பின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படகும் உயிரும்

2024 டிசம்பர் 18, பிற்பகல். கேட்வேயிலிருந்து எலிஃபெண்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' என்ற பயணிகள் படகின் மேல், சோதனை ஓட்டத்தில் கட்டுப்பாடு இழந்த கடற்படை விரைவுப் படகு ஒன்று மோதியது. 15 பேர் இறந்தார்கள். பயணிகள் படகில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தப் படகுக்கு அவ்வளவு பேரை ஏற்ற அனுமதி இல்லை. பலர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அதன் பிறகு அந்தத் தடத்தில் எல்லாப் பயணிகளும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள்.

மோதியது பயணிகளின் குற்றம் இல்லை. ஆனால் நாம் யோசிக்க வேண்டியது இதுதான்: விபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று நமக்குத் தெரியாது. வந்தால் பிழைப்பதற்கு என்ன ஏற்பாடு என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

நம் பக்கத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டிய படகு கவிழ்ந்து 22 பேர், குழந்தைகளும் சேர்த்து, போய்விட்டார்கள்.

ஒரே பக்கம் சாய்ந்தால் ஏன் கவிழ்கிறது? தராசை நினைத்துப் பாருங்கள். இரண்டு தட்டிலும் எடை சமமாக இருக்கும்வரை முள் நேராக நிற்கும். ஒரு தட்டில் மட்டும் எடை ஏறினால் ஒரேயடியாக இறங்கிவிடும். படகும் அப்படித்தான். மாடி உள்ள படகில் மேல்தளத்தில் கூட்டம் கூடினால் இன்னும் ஆபத்து. எடை மேலே போகப் போகப் படகின் நிதானம் குறைகிறது.

ஏறுமுன் பார்க்க வேண்டியவை

1. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா? தலையை எண்ணுங்கள். கூடுதலாக இருந்தால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். அரை மணி நேரம் போனால் போகட்டும்.

2. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் உண்டா? குழந்தைக்குச் சின்ன அளவு தனியாக வேண்டும். பெரியவர் ஜாக்கெட் குழந்தைக்குத் தலைவழியாக உருவிக்கொண்டு போய்விடும்.

3. புறப்படும் முன்பே மாட்டி, வார் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுங்கள். மடியில் வைத்திருக்கும் ஜாக்கெட் உதவாது. "போட்டோ நல்லா வராதுக்கா" என்பார்கள். வராவிட்டால் பரவாயில்லை.

4. சேலை கட்டியிருந்தால் முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகி, அதன் மேல் ஜாக்கெட் போடுங்கள். காற்றில் பறக்கும் முந்தானை காலிலும் கம்பியிலும் மாட்டும்.

5. எதைப் பார்க்கவும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போகக் கூடாது. செல்ஃபிக்கு ஓரத்தில் நிற்கக் கூடாது.

6. பொழுது சாய்ந்தபின் உல்லாசச் சவாரி வேண்டாம். காற்று, மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

7. ஏறும்போதும் இறங்கும்போதும் ஆள் எண்ணிக்கை எடுக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பெயர்ப் பட்டியலின் ஒரு நகல் கரையில் இருப்பவரிடமோ ஊரில் கூட்டமைப்பு அலுவலகத்திலோ இருக்கட்டும்.

8. கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல் படையின் 1554, பொது அவசர எண் 112. இரண்டையும் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.

"நாம சொன்னா படகுக்காரர் கேப்பாரா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஒருத்தி சொன்னால் கேட்காமல் போகலாம். இருபது பேர் ஒன்றாக நின்று, "ஜாக்கெட் கொடுத்தாத்தான் ஏறுவோம்" என்றால் கேட்டே ஆக வேண்டும். வங்கியில் நாம் கற்றுக்கொண்டதும் இதுதானே!

பணக் கணக்கு

சுற்றுலாப் பணத்தைக் குழுச் சேமிப்பிலிருந்து எடுக்காதீர்கள். சுற்றுலாவுக்காக உள்கடனும் வேண்டாம். தனியாக ஒரு பயண நிதி தொடங்கி, தீர்மானம் போட்டு, தனி நோட்டில் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, 20 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு மாதம் 150 ரூபாய், 18 மாதம் போட்டால் 54,000 ரூபாய் சேரும். அதில் பத்தில் ஒரு பங்கு, 5,400 ரூபாயை அவசரத்துக்கு ஒதுக்குங்கள். மீதி 48,600. ஆளுக்கு 2,430 ரூபாய். இந்தத் தொகைக்கு எந்த ஊர் போகலாம் என்று அப்புறம் முடிவு செய்யுங்கள். மும்பைக்குப் போதாது என்றால் பக்கத்துக் கடற்கரைக்குப் போவோம். ஊரை முடிவு செய்துவிட்டுப் பணத்துக்கு அலைவது முறையல்ல. வர முடியாத உறுப்பினருக்கு அவர் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பிற்பாடு மனக்கசப்பு வராது.

நாமே நடத்தலாமா?

நடத்தலாம். அதற்கும் உதாரணம் அதே மகாராஷ்டிராவில் இருக்கிறது. சிந்துதுர்க் மாவட்டம் வெங்குர்லாவில், மாண்டவி கழிமுகத்தில், 'ஸ்வாமினி' என்ற மகளிர் சுய உதவிக் குழு அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறது. மீனவக் குடும்பப் பெண்கள். அவர்களே துடுப்புப் போட்டு, எந்த மரம் எது, நண்டும் மீன்குஞ்சும் அங்கே எப்படி வளர்கின்றன என்று பயணிகளுக்குச் சொல்கிறார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த நீரும் மரமும்தான் அவர்களுடைய முதலீடு.

கடலோர, கழிமுக ஊர்களில் உள்ள நம் குழுக்களும் யோசிக்கலாம். ஆனால் படகுப் பதிவு, தகுதிச் சான்று, படகோட்டி உரிமம், காப்பீடு, லைஃப் ஜாக்கெட், வனத்துறை அனுமதி தேவைப்படும் இடங்களில் அந்த அனுமதி, இவையெல்லாம் கையில் இல்லாமல் ஒரு பயணியைக்கூட ஏற்றக் கூடாது. படகு முடியாவிட்டால் சாப்பாடு, கருவாடு, கைவினைப் பொருள், ஊரைச் சுற்றிக் காட்டுதல் என்று கரையிலேயே வேலை நிறைய இருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேச

1. போன தடவை நாம் போன சுற்றுலாவில் செலவான பணம் யார் யார் கைக்குப் போனது? உள்ளூர்ப் பெண்களிடம் எவ்வளவு வாங்கினோம்?

2. நம் ஊருக்கு வெளியூர்க்காரர் வந்தால் எதைக் காட்டுவோம்? எதை விற்போம்?

3. நம் பக்கத்தில் ஓடும் படகுகளில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் மனு கொடுப்பது?

மூன்றாவது கேள்விக்கான பதிலை மட்டும் ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். எல்லா ஊர்ப் பதிலையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுப்போம்.