தூண்டிலா, வீட்டுப் பத்திரமா?

கேள்வி: மோகனூரில் அப்பா தன் காசில் வாங்கிய வீட்டை விற்றுவிட்டு நாமக்கல்லுக்கே குடிபோகப் போகிறோம். பங்குனி, சித்திரையில்தான் காவிரியில் மீன் நன்றாகக் கடிக்கும். வீட்டு வேலையைக் கவனிக்காமல் தூண்டிலோடு கிளம்புகிறேன் என்று மனைவி கோபிக்கிறார். என்ன செய்வது?
– வாசகர், மோகனூர்

பதில்: கோபத்தில் நியாயம் இருக்கிறது. மேட்டூரில் பாசனத் தண்ணீர் வழக்கமாக ஜனவரி 28-ல் நிற்கும், ஜூன் 12-ல் திறக்கும். இடையில் ஆறு ஒடுங்க, கெண்டையும் கெளுத்தியும் மடுவில் சேரும். வீடு வாங்குகிறவர்களும் அதே மாதங்களில்தான் வருவார்கள். பள்ளி திறக்குமுன் குடியேற வேண்டும். ஆடி பிறந்தால் பலர் வீடு மாற மாட்டார்கள்.

மீன் விடியலில் கடிக்கும், சார்பதிவாளர் அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆகவே நேரம் ஒரு பிரச்சினையே இல்லை. காகிதம்தான் பிரச்சினை. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் அக்கா தங்கைகளுக்கும் உங்களோடு சம பங்கு உண்டு. கட்டிக்கொடுத்தாயிற்றே என்பதெல்லாம் செல்லாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அவர்களிடம் விடுதலைப் பத்திரம் பதிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் விற்கும்போது எல்லோரும் கையெழுத்திட வேண்டும். மூலப்பத்திரத்தைத் தேடி எடுங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் இன்றே மனுப் போடுங்கள். வில்லங்கச் சான்றிதழ் இணையத்திலேயே கிடைக்கும். வீட்டுவரி, மின்கட்டணப் பாக்கி சில்லறை வேலை.

மனு நகரும் நாட்களில் தாராளமாக ஆற்றுக்குப் போங்கள். ஆனால் வீடு பார்க்க ஆள் வரும் அன்று மட்டும் மீனை வீட்டில் கழுவாதீர்கள். மண்புழு டப்பாவும் ஃபிரிட்ஜில் இருக்கக் கூடாது. (இருக்கிறது என்றே நினைக்கிறேன்.)