மழைக்காலத்தில் வீட்டுக் காய்கறித் தோட்டம்



"ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் முதுமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. ஆடியில் கொல்லைப்புறத்தில் ஊன்றிய வெண்டையும் கொத்தவரையும் புரட்டாசிக்குள் ஓய்ந்துவிடுகின்றன. அடுத்து வடகிழக்குப் பருவமழை. "மழை விடட்டும், பார்க்கலாம்" என்று தோட்டத்தைச் சும்மா போட்டுவிடுகிறோம். சந்தையில் காய்கறி விலை ஏறுவதும் பெரும்பாலும் அந்த ஐப்பசி, கார்த்திகையில்தான். ஊருக்கே நெல் விளைவித்துத் தரும் வீட்டில் வற்றல் குழம்பும் ஊறுகாயுமாக நாள் கழிகிறது. வளரும் பிள்ளைகளும் கருவுற்ற தாய்மாரும் உள்ள வீட்டில் இது சிறு குறை அன்று.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராமுக்குக் குறையாமல் காய்கறியும் கீரையும் தேவை. ஐந்து பேருள்ள குடும்பத்திற்கு இது ஒன்றரைக் கிலோ ஆகும். ஏறத்தாழ 5 சென்ட் இடம் இருந்தால் இத்தேவையில் பெரும்பகுதியை நாமே விளைவித்துக்கொள்ள இயலும். ஒரு சென்ட்தான் உண்டு என்றாலும் தயங்க வேண்டாம். கீரைக்கும் மிளகாய்க்கும் அது போதும்.

தேங்கும் நீரே பகை

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. இம்மழையில் செடிகள் மடிவதற்குக் காரணம் மழையன்று, வேரடியில் தேங்கும் நீரே. மண் துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுவிட முடியாது. அதனால்தான் தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. மாணவர்க்கு வடிகால் பற்றிப் பாடம் சொல்லும் நானே, முதலாண்டு என் வீட்டில் கோடைக்குரிய பள்ளப் பாத்தியில் தக்காளியை நட்டு, இரண்டு நாள் மழையில் அத்தனையும் இழந்தேன். மறு ஆண்டு அதே இடத்தில் மேட்டுப்பாத்தி அமைத்தபின் அந்த இழப்பு நேரவில்லை.

மேட்டுப்பாத்தி அமைத்தல்

புரட்டாசி பிறந்ததும் நிலத்தை நன்கு கொத்தி, 1 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம், 15 செ.மீ. உயரத்தில் பாத்திகள் அமைக்கவும். இரு பாத்திகளுக்கு இடையே 30 செ.மீ. அகலத்தில் வாய்க்கால் விடவும். வாய்க்கால்கள் யாவும் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் கூடி, நீர் வெளியேற வழி இருக்க வேண்டும். பாத்தி ஒன்றுக்கு மக்கிய தொழுவுரம் 7 கிலோவும் வேப்பம் பிண்ணாக்கு 75 கிராமும் இட்டுக் கலக்கவும். மக்காத சாணம் இடுதல் கூடாது. வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணித் தண்டுகளை ஊன்றினால், ஈரத்திலும் அது செழித்துக் கீரை தரும்.

எதை, எப்போது விதைப்பது?

புரட்டாசி முதல் வாரம்: வெண்டையை 45 செ.மீ.க்கு 30 செ.மீ. இடைவெளியில் ஊன்றவும். 45 நாட்களில் காய் பறிக்கத் தொடங்கலாம். கத்தரி, தக்காளிக்கு முதல் நாற்றங்கால் விடவும். 25 முதல் 30 நாள் நாற்றைப் புரட்டாசி முடிவதற்குள் நட்டால், பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.

புரட்டாசி நடுவில்: முள்ளங்கியை விதைக்கவும். சமவெளிக்கு ஏற்ற பூசா சேட்கி இரகம் 40 முதல் 45 நாட்களில் கிழங்கு தரும். கார்த்திகையின் தட்டுப்பாட்டிற்கு வெண்டையும் இதுவுமே கைகொடுப்பவை.

ஐப்பசி: மழை ஓய்ந்த இடைவெளி பார்த்து, கீரை விதையை மணலுடன் கலந்து ஒரு பாத்தியில் மட்டும் தூவவும். பத்து நாள் கழித்து அடுத்த பாத்தியில் தூவலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்தால் ஒரு மழையே எல்லாவற்றையும் அடித்துச் சென்றுவிடும். ஐப்பசி நடுவில் கத்தரி, தக்காளிக்கு இரண்டாம் நாற்றங்கால் விடவும். கார்த்திகைப் பிற்பகுதியில் நடலாம். முதல் நடவு மழையில் போனாலும் இரண்டாவது நம்மைக் காக்கும்.

பந்தல் அவரை பகற்பொழுது குறையும்போதே பூக்கும் இயல்புடையது. ஆகவே ஆடியில் ஊன்றிய கொடி மார்கழியில் காய்க்கும். ஆடியில் ஊன்றத் தவறியவர்கள், பகற்பொழுதைச் சாராத குத்தவரை இரகங்களை மழை தணிந்ததும் விதைக்கலாம்.

நாற்றங்கால் பாதுகாப்பு

மழைக்கால நாற்றுகளின் முதல் எதிரி நாற்றழுகல் நோய். நெருக்கி விதைப்பதும் ஈரம் மிகுவதும் இதற்குக் காரணம். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, 5 செ.மீ. வரிசை இடைவெளியில் விதைக்கவும். வீட்டுக்கு வேண்டிய சிறிதளவு விதைக்கு ஒரு சிட்டிகை போதும். தென்னங்கீற்றைச் சாய்வாக வைத்து மழையைத் தடுக்கவும். வெயில் வந்ததும் கீற்றை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் நாற்று நெடுநெடுவென வளர்ந்து துவளும்.

மழைக்குப் பின்

பெருமழை விட்டதும் முதல் வேலை வாய்க்காலைத் திறந்துவிடுவது. மண் சற்றுக் காய்ந்தபின் களைகொத்தி மண் அணைக்கவும். ஈரத்தில் மிதித்தால் மண் இறுகிவிடும். தழைச்சத்து கரைந்து கத்தரி, மிளகாய் இலைகள் வெளுத்தால், ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் யூரியா கரைத்து மாலையில் தெளிக்கவும். தக்காளிக்குக் குச்சி ஊன்றிக் கட்டவும். மண்ணில் படும் காய் அழுகும்.

மார்கழிப் பனியில் வெண்டை இலைகளில் வெண்பொடி படிந்தால் அது சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கவும். அசுவினிக்கு, இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். கீரைப் பாத்தியில் பூச்சிக்கொல்லி வேண்டவே வேண்டாம். நோயுற்ற இலைகளைக் கிள்ளி எரித்தாலே போதும்.

வயலுக்கு வரப்பு உயர்த்தும் நாம் கொல்லைக்குப் பாத்தி உயர்த்த மறக்கிறோம். புரட்டாசியில் ஒரு நாள் மண்வெட்டி பிடித்தால், கார்த்திகையில் சந்தைக்குக் கூடை தூக்க வேண்டியதில்லை. இல்லத்தரசியரும் பிள்ளைகளும் கைகொடுத்தால் வேலை இன்னும் எளிது. இவ்வாண்டு நான்கு பாத்திகளேனும் அமைத்துப் பயன் பெறுவீர்களாக!