கால்சியம் டானிக் இடுப்பைக் காப்பாற்றாது

ஹிப் டிஸ்பிளேசியா என்பது நாயின் இடுப்பு மூட்டு சரியான வடிவில் வளராத நிலை. தொடை எலும்பின் மேல்முனை உருண்டையானது. இடுப்பெலும்பில் அது பொருந்துவதற்கு ஒரு குழி உண்டு. உருண்டை குழிக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று சரியான வடிவில் வளரச் செய்கின்றன. மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசைநார்களும் தளர்ந்துவிட்டால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் உருண்டை குழியின் விளிம்பை நோக்கி நழுவுகிறது. விளிம்பு தேய்கிறது, குழி ஆழமில்லாமல் போகிறது, உருண்டை தட்டையாகிறது, குருத்தெலும்பு சிதைகிறது. அதன்பின் வரும் மூட்டுத் தேய்மானம் ஆயுள் முழுவதும் தொடரும்.

குட்டி இந்தக் குறையோடு பிறப்பதில்லை. பிறக்கும்போது மூட்டு சரியாகத்தான் இருக்கும். முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் தளர்ச்சி உருவாகிறது. அந்தத் தளர்ச்சிக்கான போக்கு மரபில் வருகிறது. ஒரு ஜீன் அல்ல, பல ஜீன்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர், செயின்ட் பெர்னார்டு போன்ற வேகமாக எடை கூடும் இனங்களில் இது சாதாரணம், கிரேஹவுண்டில் அபூர்வம்.

இந்த நோயைச் சுற்றி உலவும் தவறான நம்பிக்கைகளில் மிகப் பிடிவாதமானதும் அதிகம் கெடுதல் செய்வதும் ஒன்றுதான்: “கால்சியம் பத்தல, அதான் பின்னங்கால் வீக்கா இருக்கு.” ஐந்தாறு மாத லாப்ரடார் எழுந்திருக்கத் தடுமாறினால் பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்கிறார், பெட் ஷாப்காரர் சொல்கிறார், குட்டியை விற்றவரும் சொல்கிறார். உடனே கால்சியம் சிரப் வருகிறது. அதற்கு மேல் முட்டை ஓட்டுத் தூள், எலும்பு சூப், அரை லிட்டர் பால். வருமுன் காப்பதாக நினைத்து, நன்றாக நடக்கும் குட்டிக்கும் இரண்டாம் மாதத்திலிருந்தே இதையெல்லாம் ஊற்றுபவர்கள் இன்னும் அதிகம்.

இது முழுத் தவறு. தளர்ந்திருப்பது மூட்டின் உறை; எலும்பில் சுண்ணாம்பு குறைந்ததால் வந்த நோய் அல்ல இது. எத்தனை புட்டி சிரப் கொடுத்தாலும் தளர்ந்த உறை இறுகாது, ஆழமில்லாத குழி ஆழமாகாது.

கொடுத்தால் பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்ற சமாதானமும் செல்லாது. வளர்ந்த நாய்க்கு உணவில் கால்சியம் கூடினால் குடல் குறைவாக உறிஞ்சிக்கொள்ளும். ஏறத்தாழ ஆறு மாதம் வரையிலான குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு முழுமையாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பங்கை அதன் குடல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வேண்டாததைத் தள்ளிவிடத் தெரியாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஹாஸெவிங்கல் குழுவினர் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள். உணவில் 1.1 சதவீதம் கால்சியம் பெற்ற குட்டிகளோடு 3.3 சதவீதம் பெற்ற குட்டிகளை ஒப்பிட்டபோது, கூடுதலாகப் பெற்றவற்றில்தான் எலும்பு வளர்ச்சி குலைந்தது. குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தாமதமானது. வளரும் எலும்பு தன்னைச் செதுக்கிச் சீராக்கிக்கொள்ளும் வேலையும் மந்தமானது. பலமான எலும்பை எதிர்பார்த்துக் கொடுக்கும் பொருள், கோணலான முன்னங்காலையும் உரிந்துபோன குருத்தெலும்பையும் கொண்டுவந்து சேர்க்கிறது.

கணக்கும் எளிது. அமெரிக்காவில் தீவன விதிகளை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, வளர்ந்தபின் 32 கிலோவை எட்டக்கூடிய இனங்களின் குட்டி உணவில் கால்சியம் உலர் எடையில் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நான்கு மாத லாப்ரடார் குட்டி, 1.3 சதவீதம் கால்சியம் உள்ள உலர் உணவை நாளைக்கு 300 கிராம் சாப்பிடுவதாக வைத்துக்கொண்டால், அதிலேயே 3.9 கிராம் கிடைத்துவிடுகிறது. முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஒரு தேக்கரண்டித் தூளில் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் இருக்கும். அந்த ஒரு கரண்டி விழுந்தவுடன் மொத்தம் 5.9 கிராம், அதாவது 2 சதவீதத்தை ஒட்டி வந்துவிடுகிறது. வரம்பு தாண்டியாயிற்று, சிரப்பும் பாலும் இன்னும் கணக்கில் வரவில்லை. எலும்பு சூப்பில் இந்த ஆபத்து இல்லை, ஏனென்றால் எவ்வளவு கொதித்தாலும் எலும்பிலிருந்து மிகச் சிறிதளவு கால்சியமே நீரில் இறங்கும். கொழுப்பும் உப்பும்தான் அதில் மிச்சம். வெங்காயம் போட்டுக் காய்ச்சிய சூப் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கால்சியம் குறைபாடு என்ற ஒன்றே இல்லை என்பது இதன் பொருள் அல்ல. வெறும் சோறும் கறியும், அல்லது தயிர்சாதம் மட்டும் தின்று வளரும் குட்டிக்கு அந்தக் குறைபாடு உண்மையிலேயே வரும். அப்போது கால்கள் வளையும், எலும்பு மெலிந்து சிறு துள்ளலுக்கே முறியும். அது வேறு நோய், எக்ஸ்ரேயில் வேறு மாதிரி தெரியும், தீர்வும் வேறு. பாஸ்பரஸோடு சேர்த்துக் கணக்குப் போட்டு உணவைத் திருத்த வேண்டியது மருத்துவரின் வேலை. ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருப்பதாக வந்தாலும் எதுவும் உறுதியாகாது. உணவில் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் அளவைச் சமன் செய்துகொள்ளும்.

இவ்வளவு இருந்தும் இந்த நம்பிக்கை அழியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஹிப் டிஸ்பிளேசியாவின் வலி முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் ஐந்து முதல் பத்து மாத வயதுக்குள். தளர்ந்த உருண்டை விளிம்பை இடித்து நுண்ணிய முறிவுகளை உண்டாக்கும் காலம் அது. ஒரு வயதைக் கடக்கும்போது அந்த முறிவுகள் ஆறுகின்றன. மூட்டுறை தடித்து, அசைவு ஓரளவு குறைகிறது. எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே பல நாய்கள் அப்போது நன்றாக நடக்கத் தொடங்கும். அந்த நேரம் வீட்டில் இருந்தது சிரப் புட்டி என்பதால் பெயர் அதற்குப் போய்விடுகிறது. மூட்டோ உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். நான்கைந்து வயதில் அந்த நாய் மறுபடி நொண்டும்போது கால்சியத்தை யாரும் குற்றம் சொல்வதில்லை.

உணவில் கவனிக்க வேண்டியது கால்சியம் அல்ல, அளவு. பியூரினா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வளர்த்தார்கள். 1992-இல் வெளியான முடிவு: இரண்டு வயதில் வழக்கமான அளவு தின்ற 24 நாய்களில் 16-க்கு ஹிப் டிஸ்பிளேசியா, குறைத்துத் தின்ற 24-இல் 7-க்கு மட்டும். அதே நாய்களை இறுதிவரை தொடர்ந்தபோது நடு ஆயுள் 11.2 ஆண்டுகளிலிருந்து 13 ஆண்டுகளாகக் கூடியிருந்தது. உணவு ஒன்றே, மரபும் ஏறத்தாழ ஒன்றே. மாறியது அளவு மட்டும். கொழுகொழு லாப்ரடார் குட்டியைப் பார்த்து மகிழ்பவர்கள் இந்த 16-ஐயும் 7-ஐயும் மறக்கக் கூடாது. விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தத் தேவையில்லை. கையை லேசாக வைத்தால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. மாடிப்படி ஏற்றி இறக்கினால் பின்னங்கால் பலப்படும் என்பது தவறு. நார்வேயில் நியூஃபவுண்ட்லேண்ட், லியோன்பெர்கர், லாப்ரடார், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் ஆகிய நான்கு இனக் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து, 2012-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று மாதம் படிக்கட்டு ஏறிய குட்டிகளுக்கு ஆபத்து கூடியிருந்தது. அதே வயதில் மென்மையான, மேடுபள்ளமான வெளியில் கயிறின்றி ஓடியாடியவற்றுக்குக் குறைந்திருந்தது. ஆகவே குட்டியைக் கூண்டில் அடைத்து வைப்பதும் தவறுதான்.

இது கிழட்டு நாயின் நோய் என்பதும் தவறு. நொண்டுகிற ஒவ்வொரு பெரிய இனக் குட்டிக்கும் இதுதான் என்று முடிவு கட்டுவதும் அவ்வளவே தவறு. ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளில் கால் மாற்றிக் கால் நொண்டவைக்கும் எலும்பு அழற்சி உண்டு. முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சலே மூட்டுகளை வீங்கவைத்து நாயை நொண்டவைக்கும். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிந்தால் நாயைக் கருணைக்கொலை செய்துவிட வேண்டும் என்பது இவற்றில் மிகக் கொடியது. எக்ஸ்ரேயில் தெரியும் சிதைவும் நாய் உணரும் வலியும் ஒரே அளவில் இருப்பதில்லை. படத்தில் மோசமான இடுப்போடு பத்து வயதுவரை நன்றாக வாழும் நாய்கள் ஏராளம்.

அடையாளங்கள் வீட்டிலேயே தெரியும். டைல்ஸ் தரையில் படுத்திருக்கும் குட்டி எழும்போது முதலில் முன்னங்கால்களை ஊன்றி, உடலை முன்னுக்கு இழுத்து, பின்பகுதியைக் கடைசியாகத் தூக்கும். அதற்குள் பின்பாதங்கள் இரண்டு பக்கமும் வழுக்கிப் பரவும். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் முயல்போலச் சேர்த்து வைத்துத் தாவும். நடையில் இடுப்பு ஆடும். காரில் ஏறத் தயங்கும். நாளடைவில் தோளும் மார்பும் தடித்து, தொடை மெலிந்துபோகும்.

மருத்துவரிடம் நடக்கும் பரிசோதனையில் முக்கியமானது ஆர்டோலானி சோதனை. இத்தாலியக் குழந்தை மருத்துவர் மாரினோ ஆர்டோலானி பச்சிளங்குழந்தைகளுக்காகக் கண்டுபிடித்த முறை அது. மயக்க ஊசி போட்ட குட்டியின் தொடையை மருத்துவர் முழங்காலில் பிடித்து இடுப்பை நோக்கி அழுத்துவார். மூட்டு தளர்ந்திருந்தால் உருண்டை குழியிலிருந்து நழுவும். பிறகு காலை மெல்ல வெளிப்பக்கம் விரிக்கும்போது அது “டொக்” என்று குழிக்குள் திரும்பி விழும். கைக்கு அது தெளிவாகத் தெரியும். மயக்கமில்லாமல் தசை இறுகியிருக்கும் குட்டியிடம் இதைச் செய்து எதுவும் இல்லை என்று அனுப்புவது போதாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெயில் ஸ்மித் உருவாக்கிய பென்ஹிப் எக்ஸ்ரே முறை 16 வார வயதிலேயே தளர்ச்சியை எண்ணாக அளந்து சொல்லும், 0.3-ஐவிடக் குறைந்த அளவு நல்ல இடுப்புக்கு அடையாளம்.

சீக்கிரம் கண்டுபிடிப்பதில் பலன் இருக்கிறது, ஏனென்றால் சில அறுவைச் சிகிச்சைகளுக்கு வயது வரம்பு உண்டு. இடுப்பெலும்பின் வளர்முனையைச் சுட்டு மூடி, குழி உருண்டையை நன்றாக மூடும்படி வளரச் செய்யும் சிகிச்சையை 20 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். இடுப்பெலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்துவது பத்து மாதத்துக்குள், தேய்மானம் தொடங்குமுன் செய்ய வேண்டியது. அதற்குப் பிறகு தொடை எலும்பின் உருண்டையையே வெட்டியெடுப்பதும், செயற்கை மூட்டு பொருத்துவதும் மிஞ்சுகின்றன. ஆறு மாதம் சிரப் கொடுத்துப் பார்த்துவிட்டு வரும் குட்டி முதல் இரண்டு வாய்ப்புகளையும் இழந்தே வருகிறது.

அறுவை இல்லாமல் சமாளிக்கக்கூடிய நாய்களே அதிகம். எடையைக் குறைப்பது முதல் மருந்து. ஒரே நீண்ட நடைக்குப் பதில் நாளுக்கு மூன்று நான்கு குறுநடைகள், முடிந்தால் நீச்சல். பந்து எறிந்து திடீரென்று திரும்பவைக்கும் விளையாட்டு வேண்டாம். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை ரப்பர் பாய் விரித்து, பாதத்தின் அடிமுடியை வெட்டிவிட்டால் வழுக்குவது பாதி குறையும். வலிக்கு மெலாக்ஸிகம், கார்ப்ரோஃபென் போன்றவற்றை மருத்துவர் எடைக்கேற்ப எழுதித் தருவார். வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. வயிற்றில் ரத்தக்கசிவும் சிறுநீரகச் செயலிழப்பும் வந்து நாய் இறந்துபோகும். மீன் எண்ணெயில் ஓரளவு பலன் உண்டு. குளுக்கோசமைனுக்கு ஆதாரம் பலவீனம்.

இவையெல்லாம் வந்த நோயைச் சமாளிப்பவை. வராமல் தடுக்கும் இடம் இனப்பெருக்கம் செய்பவரின் கையில் இருக்கிறது. அப்பா நாயும் அம்மா நாயும் நன்றாக ஓடுகின்றன என்பது எதற்கும் சான்று ஆகாது. சான்றிதழில் இருக்கும் வம்சாவளி இடுப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. அமெரிக்காவில் ஜான் ஓலின் என்ற தொழிலதிபர் தம்முடைய வேட்டை நாய்களுக்கு இந்த நோய் வரக்கண்டு முன்னின்றதில் 1966-இல் உருவானதுதான் ஓஎஃப்ஏ அமைப்பு; இரண்டு வயது முடிந்த நாயின் இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்துத் தரம் சொல்லும். நியூஜெர்சியில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களை வளர்க்கும் தி சீயிங் ஐ நிறுவனம், நல்ல இடுப்புள்ளவற்றை மட்டும் இணைசேர்த்து, ஐந்து தலைமுறைக்குள் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் நோயை 55 சதவீதத்திலிருந்து 24 ஆகவும், லாப்ரடார்களில் 30-இலிருந்து 10 ஆகவும் குறைத்தது. எந்த டானிக்கும் இதைச் செய்ததில்லை.

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள், இணைசேர்க்கும் பெண் நாய்க்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும், அது நலமாக இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்கின்றன. இது போதாது. பெரிய இனங்களுக்கு அந்தச் சான்றில் இடுப்பு எக்ஸ்ரேயையும் கட்டாயமாக்க வேண்டும். வயது 18 மாதம் என்பதை 24 ஆக்க வேண்டும். அதுவரை வாங்குபவர்களே கேட்க வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் அப்பா, அம்மா இரண்டின் எக்ஸ்ரேயையும், முடிந்தால் முந்தைய ஈற்றுக் குட்டிகளின் நிலையையும் பார்க்க வேண்டும். தளர்ச்சி ஒரு தலைமுறை மறைந்திருந்து அடுத்ததில் வெளிப்படக்கூடியது என்பதால், கூடப்பிறந்தவற்றின் இடுப்பும் பெற்றோரின் இடுப்பளவுக்கு முக்கியம். எக்ஸ்ரே எடுத்ததே இல்லை என்று சொல்பவரிடம் குட்டி வாங்கக் கூடாது.