பிள்ளை இடம் மாறினால் ஜீவனாம்சம் யார் கைக்கு?

அம்மாவிடம் வளர்ந்த மகன் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டான். பழைய உத்தரவோ மாதம் 8,000 ரூபாயை அம்மாவிடம் கட்டச் சொல்கிறது. 'பையன் என்னிடம்தானே இருக்கிறான்' என்று அப்பா பணத்தை நிறுத்திவிட்டால் வம்பு. உத்தரவு மாறும்வரை நிலுவை ஏறும். ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஓராண்டுக்குள் மனு போட்டு வாரண்டு வாங்கலாம். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது.

இருவரும் பேசி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது அடுத்த வழி. செலவில்லை, உறவு சுமுகமாக இருக்கும்வரை ஓடும். பிறகு சண்டை வந்தால், நீதிமன்ற உத்தரவுக்கு முன்னால் அந்தத் தாள் எவ்வளவு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஒத்துப்போகிறவர்களுக்கு நான் சொல்வது, அதே உடன்பாட்டைக் கூட்டு மெமோவாகக் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக்கிக்கொள்வதைத்தான். வக்கீல் செலவுக்குத் தயங்கும் பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமான வரம்பில்லாமல் இலவச உதவி உண்டு.

எதிர்த்தரப்பு மறுத்தால் மாற்று மனுதான். எந்தச் சட்டத்தில் உத்தரவு வாங்கினீர்கள் என்று முதலில் பாருங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்றால், 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 144, சூழ்நிலை மாறியதைக் காட்டித் திருத்தம் கேட்பது 146-இல். இந்து திருமண வழக்கு என்றால் 26-வது பிரிவு. 144-இன்கீழ் மாஜிஸ்திரேட் சொல்கிறவரிடம்தான் பணம் போகும், ஆகவே பிள்ளை பாட்டியிடம் வளர்ந்தால் பாட்டி பெயருக்கே கேட்கலாம். ஆனால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை இந்தப் பிரிவில் தீர்க்க முடியாது. பிள்ளைப் பொறுப்பு உத்தரவும் பழையபடியே இருந்தால் அதற்குத் தனி மனு வேண்டும். இரண்டையும் சேர்த்தே போடுங்கள், அலைச்சல் மிச்சம்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: உத்தரவில் மனைவிக்கான தொகையும் பிள்ளைக்கான தொகையும் ஒன்றாகக் கிடக்கும். பிள்ளையின் பங்கு மாறியதற்காக மனைவியின் பங்கு போய்விடாது. பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அம்மா சம்பாதிக்கிறவர் என்றால் நிலைமை தலைகீழாகவும் ஆகலாம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவு அம்மாவையும் கட்டுப்படுத்தும். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி சொத்து, கடன் விவர உறுதிமொழிப் பத்திரத்தை இருதரப்பும் போட்டாக வேண்டும்.

பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஃபீஸ் ரசீது, புது முகவரி இவற்றை மனுவோடு இணையுங்கள். மாற்றம் மனுத் தேதியிலிருந்தே பொருந்த வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். சம்பளத்தில் பிடித்தம் ஓடுகிறதென்றால், புதிய உத்தரவின் சான்றிட்ட நகலை அலுவலகக் கணக்குப் பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அதுவரை பழைய கணக்குக்கே கட்டுங்கள்.