எஸ்பெராண்டோவின் ஆறு எச்ச விகுதிகள்: புதிதாகப் பழகுவோருக்கு

1. மொழியின் பெயரிலிருந்தே தொடங்குங்கள். இம்மொழியை உருவாக்கிய சாமென்ஹோஃப் 1887-இல் தம் முதல் நூலை 'டாக்டர் எஸ்பெராண்டோ' என்ற புனைபெயரில் வெளியிட்டார். நம்பிக்கையோடு இருப்பவர் என்று பொருள். அதிலுள்ள 'ஆண்ட்'தான் நீங்கள் கற்கும் முதல் விகுதி.

2. செய்பவருக்கு ஆண்ட், இண்ட், ஓண்ட். செயப்படுபொருளுக்கு ஆட், இட், ஓட். ஆ நடப்பது, இ முடிந்தது, ஓ வரப்போவது. வினைமுற்றின் ஆஸ், இஸ், ஓஸ் இவற்றிலும் இதே உயிர்கள்தான் என்பதால் மனப்பாடம் எளிது. விகுதிக்குப் பின் 'ஆ' சேர்ந்தால் பெயரெச்சம் போலாகும்: விழுகிற மரம் ஃபாலாண்டா, விழுந்தது ஃபாலிண்டா, விழப்போவது ஃபாலோண்டா.

3. தமிழர் சறுக்கும் இடம் இது. இங்கே பல நாள் நின்று பழகுங்கள். 'படித்த பையன்', 'படித்த புத்தகம்', 'படித்த பள்ளி' மூன்றுக்கும் நமக்கு ஒரே பெயரெச்சம் போதும். பையன் படிப்பவன், புத்தகம் படிக்கப்படுவது, பள்ளி வெறும் இடம் என்பதை யாரும் சொல்லாமலே நம் காது பிரித்துக்கொள்கிறது. எஸ்பெராண்டோவில் பையன் 'லெகிண்டா', புத்தகம் 'லெகிட்டா'. பள்ளிக்கோ ஆறில் எதுவும் பொருந்தாது. 'கீயே' போட்டு, 'நான் எங்கே படித்தேனோ அந்தப் பள்ளி' என்று கிளைவாக்கியமாகத்தான் சொல்ல வேண்டும். ஆகவே காலத்தைத் தேடுமுன், 'இது செய்ததா, செய்யப்பட்டதா, இரண்டுமில்லையா?' என்று கேளுங்கள். இந்தக் கேள்வி பழகிவிட்டால் பாதிப் பிழை ஒழிந்துவிடும்.

4. 'ஏ' சேர்ந்தால் வினையெச்சம் போலாகும். 'குராண்டே மி ஃபாலிஸ்': ஓடிக்கொண்டிருக்கையில் விழுந்தேன். ஓடியவரும் விழுந்தவரும் ஒருவரே; அது கட்டாயம். 'மழை பெய்து குளம் நிரம்பியது' என்பது நல்ல தமிழ். அதே அமைப்பை எஸ்பெராண்டோவில் வைத்தால் குளமே பெய்ததாகிவிடும்.

5. 'ஓ' சேர்ந்தால் பொதுவாக ஆளைக் குறிக்கும்: ப்ரெசிடாண்டோ தலைவர், ப்ரெசிடிண்டோ முன்னாள் தலைவர்.

6. கடிதம் 'எஸ்டிஸ் ஸ்க்ரிபிட்டா' என்றால் அப்போதே எழுதி முடிந்திருந்தது. 'எஸ்டிஸ் ஸ்க்ரிபாட்டா' என்றால் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஆட்டா, இட்டா பற்றிப் பெரியவர்கள் நெடுங்காலம் மோதிக்கொண்டார்கள். 1967-இல் எஸ்பெராண்டோ அகாதமி தீர்ப்புச் சொல்லிவிட்டது. நீங்கள் அந்தச் சண்டையைத் தொடர வேண்டாம். பெரும்பாலும் 'ஸ்க்ரிபிஸ்' என்ற எளிய இறந்தகாலமே போதும், அதுதான் அழகும். துணைவினை அடுக்கி எழுதுவது புலமை ஆகாது.

7. 1907-இல் எஸ்பெராண்டோவிலிருந்து பிறந்த இடோ மொழி இந்த ஆறையும் அப்படியே வைத்துக்கொண்டது. ஆனால் செயப்பாட்டுக்கு 'எஸ்' என்றோர் இடையொட்டையும் சேர்த்தது: 'அமேசாஸ்', நேசிக்கப்படுகிறார். நல்ல சிக்கனம். இடோ படியுங்கள், ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள்.

8. 'உண்ட்' என்று ஏழாவது ஒன்றைச் சிலர் காட்டுவார்கள், நிபந்தனைப் பொருளுக்காம். மொழியின் அடிப்படை நூலான 1905-இன் 'ஃபுண்டமென்டோ'வில் அது இல்லை. ஆறும் கைவரும்வரை அதைத் தொடாதீர்கள்.