பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கைவசக் குறிப்புகள்

வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளையும், மவுஸை இப்போதுதான் தொடும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பு இது. இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துப் போக, காசு அதிகம் கேட்காத சில வழிகள், டீச்சர்களே!

1. முதல் வாரம் லேப் பூட்டியே இருக்கட்டும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஐந்தில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளி வைத்து ஐந்து பேர் கையில் கொடுங்கள். அட்டையைத் திருப்பித் திருப்பியே 0 முதல் 31 வரை பைனரி வந்துவிடும். நியூசிலாந்தின் டிம் பெல் குழுவினர் பரப்பிய 'அன்பிளக்டு' முறை இது, கரண்ட் போன நாளிலும் கைகொடுக்கும்.

2. "இது ரொம்ப ஈஸி" என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். புரியாத பிள்ளை அதற்கப்புறம் வாயே திறக்காது.

3. எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் கெட்டிக்காரருக்குத் தனியாக ஒரு கஷ்டமான கணக்கு கொடுத்துவிடுங்கள், மற்றவர்கள் மிரள மாட்டார்கள். கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் முன் அனுபவம் உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவே வைத்தார்கள், பாடத்தையும் பைதானுக்கு மாற்றினார்கள். இப்படிச் சில மாற்றங்களால் 2006-க்குப் பிறகு சில வருஷத்திலேயே கணினி அறிவியல் எடுத்தவர்களில் பெண்கள் சுமார் 10 சதவீதத்திலிருந்து 40-ஐத் தொட்டார்கள்.

4. ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் அடிக்கட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழக்கமில்லாத பிள்ளை கையில்தான் முதலில் கீபோர்டு. இல்லாவிட்டால் பீரியடு முடியும்வரை அது வேடிக்கைதான் பார்க்கும்.

5. புரோகிராமைப் பிரிண்ட் எடுத்து, வரி வரியாகக் கத்தரித்து, குலுக்கிக் கவரில் போடுங்கள். சரியான வரிசையில் அடுக்குவதுதான் வேலை. இதற்குப் பார்சன்ஸ் புதிர் என்று பெயர். இங்கிலீஷ் டைப்பிங்கில் திணறும் தமிழ் மீடியம் பிள்ளைகள் இதில் முந்துவதைப் பாருங்களேன். காலண்டர் அட்டையில் ஒட்டிவைத்தால் அடுத்த பேட்சுக்கும் ஆகும்.

6. 'இஃப்–எல்ஸ்' நடத்த கரண்ட் பில் போதும். முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் படிக்கொரு ரேட் என்பது எல்லார் வீட்டிலும் தெரிந்த கணக்கு. எல்லா உதாரணத்துக்கும் கிரிக்கெட் ஸ்கோரையே இழுக்க வேண்டாமே!

7. அடிக்கடி வரும் எரர் மெசேஜ்களைச் சார்ட்டில் எழுதி, பக்கத்திலேயே தமிழில் காரணம் போட்டு லேப் சுவரில் ஒட்டுங்கள். செமிகோலன் விட்டுப்போனதைக் காட்ட வரிசை வரிசையாக ஓடும் வேலை உங்களுக்கு மிச்சம்.

8. போர்டில் சிவப்பு, பச்சை என்று நிறத்தால் மட்டும் பிரித்துக் காட்டாதீர்கள், அடிக்கோடும் போடுங்கள். நிறக்குறைபாடு இருப்பதே சில பிள்ளைகளுக்குத் தெரியாது.

9. வீட்டுப்பாடம் நோட்டிலேயே முடியட்டும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். கூடுதல் பயிற்சிக்கு லேபைச் சாயங்காலம் திறப்பதைவிட மதிய இடைவேளையில் திறந்துவையுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர்களும், இருட்டுமுன் வீடு சேர வேண்டிய பெண் பிள்ளைகளும் அப்போதுதான் வர முடியும்.