கம்பி இல்லாத வேலி

கேள்வி: வேலியே போடாமல், செல்போனில் கோடு கிழித்து மாடு மேய்க்கிறார்களாமே? வாயில்லா ஜீவனுக்கு ஷாக் கொடுப்பது பாவமில்லையா?

பதில்: மேய்ப்பது உண்மைதான். நார்வேயின் நோஃபென்ஸ் நிறுவனம் இதை முதலில் வெள்ளாடுகளுக்குத்தான் கொண்டுவந்தது. மலையும் பாறையுமான மேய்ச்சல் நிலத்தில் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது பெரும்பாடு. அதற்குப் பதிலாகக் கழுத்துப்பட்டையில் ஜிபிஎஸ் கருவி, அதற்கு மின்சாரம் தரச் சின்ன சோலார் தகடு. எல்லையைச் செல்போன் வரைபடத்தில் வரைந்துவிடுவார்கள்.

மாடு கோட்டைத் தாண்டினால் பட்டை ஒலிக்கத் தொடங்கும். சுருதி படிப்படியாக ஏறும். அதற்குள் திரும்பிவிட்டால் சத்தம் நின்றுவிடும், அவ்வளவுதான். காதில் வாங்காமல் நடந்தால் மட்டுமே சுருக்கென்று ஒரு ஷாக்: மாட்டுக்கு 0.2 ஜூல். சாதாரண மின்வேலி இதைவிடப் பல மடங்கு பலமாக அடிக்கும். மூன்று முறை வாங்கியும் நிற்காவிட்டால் கருவி அடங்கிவிடும். உரிமையாளருக்குத் தகவல் போகும். வெளியே போனது தானாக உள்ளே திரும்பும்போது ஷாக் கிடையாது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான மாடுகள் சில நாளில் சத்தத்துக்கே திரும்பப் பழகிவிடுகின்றன. பழக்காமல் பட்டையை மாட்டி மேய்ச்சலுக்கு விரட்டினால், நீங்கள் சொல்வதுபோல் பாவம்தான்.

லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில் நீள்கொம்பு மாடுகள் இப்படித்தான் மேய்கின்றன. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் குறுக்கே கம்பி இல்லை. ஆனால் இந்த வேலி பட்டை கட்டிய மாட்டை மட்டுமே நிறுத்தும். தெருநாயையோ பக்கத்துக் கொல்லை ஆட்டையோ தடுக்காது. மிரண்டு ஓடும் மாடு எந்தச் சத்தத்துக்கும் நிற்காது. ஆகவே நெடுஞ்சாலை, ரயில் பாதை ஓரங்களில் நிஜ வேலியே வேண்டும்.